ரசீதுப் புத்தகம் கையில் இருந்தால் போதுமா?

குட்டியானையில் வெங்காயம் ஏற்றி வந்து மைக்கில் கூவி விற்கிறவர்களிடம், சந்தைக் கட்டணம் என்று நீட்டுகிற வசூல் சீட்டுக்கு மட்டும் ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஊருக்கு ஊர் ஒரு தொகை சொல்வார்கள். எங்கள் தெருமுனையில் ஒருவரிடம் வாங்கிப் பார்த்த சீட்டில் 20 ரூபாய் என்று அச்சடித்திருந்தது, அதைப் பேனாவால் அடித்துவிட்டு 50 என்று எழுதியிருந்தார்கள். கீழே குத்தகைதாரரின் ரப்பர் ஸ்டாம்ப். அது சந்தையே இல்லை, சாதாரணக் குடியிருப்புத் தெரு.

சந்தைக்குள் கடை போட்டால் கட்டணம் வசூலிக்க நகராட்சிக்கு அதிகாரம் உண்டு, அந்த வசூலை ஏலம் விட்டுக் குத்தகைக்கும் கொடுக்கலாம். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் சந்தைக்கு எடுத்த குத்தகையை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க வண்டியை மறிப்பது எந்தக் கணக்கு?

அரசியல் சட்டத்தின் 265-வது பிரிவு ஒரே வரிதான்: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது. சரி, இது வரி இல்லை, கட்டணம்தானே என்பார்கள். அதற்கும் 1954-லேயே பதில் வந்துவிட்டது. சிரூர் மடம் வழக்கு. உடுப்பிப் பக்கம் உள்ள மடம், அப்போது அந்தப் பகுதி சென்னை மாநிலத்தில் இருந்தது. மடங்களின் ஆண்டு வருமானத்தில் 5 சதவீதம் வரை அரசு வாங்கலாம் என்று 1951-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தில் இருந்ததை, இது கட்டணமே இல்லை, வரி என்று உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. கட்டணம் என்றால் கொடுக்கிறவருக்குப் பதிலுக்கு ஒரு சேவை இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. பிறகு வந்த தீர்ப்புகள் இதைக் கொஞ்சம் தளர்த்தின, வெறும் ஒழுங்குபடுத்துவதற்கான உரிமக் கட்டணத்துக்குச் சேவையைத் துல்லியமாகக் காட்ட வேண்டியதில்லை என்றன. ஆனாலும் தொகை நியாயமாக இருக்க வேண்டும் என்ற இடத்தில் தளர்வு இல்லை. தெருவில் நின்று பேனாவால் 20-ஐ 50 ஆக்குவதை எந்தத் தீர்ப்பிலும் பொருத்த முடியாது.

சாலையோர வியாபாரிகளுக்கென்று 2014-இல் மத்திய சட்டமே வந்தது. ஒரே இடத்தில் கடை போடுகிறவர் மட்டுமல்ல, இடம் விட்டு இடம் நகர்ந்து விற்கிறவரும் அதில் வருகிறார். விற்பனைச் சான்றிதழ் பெற்றவர், அந்தச் சட்டப்படி அரசு வகுக்கும் திட்டத்தில் குறிப்பிட்டுள்ள கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்கிறது 8-வது பிரிவு. தொகை திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும், வசூலிக்க வருகிறவரின் வாயில் அல்ல. விதிப்படி விற்பவரைப் போலீஸ் உட்பட யாரும் தடுக்கக் கூடாது என்று 27-வது பிரிவு வேறு இருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது அடுத்த விஷயத்தில்தான். சான்றிதழ் கிடைக்க அந்தந்த ஊரில் சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பு நடக்க வேண்டும், அதில் உங்கள் பெயர் ஏற வேண்டும். திங்கள் ஓர் ஊர், செவ்வாய் இன்னோர் ஊர் என்று போகிற வெங்காய வண்டிக்காரர் எந்த ஊர்க் கணக்கில் ஏறுவார்? பாய் விற்கிறவர், பிளாஸ்டிக் குடம் கட்டிய டிவிஎஸ்ஸில் வருகிறவர், எல்லோருக்கும் இதே கதிதான். சட்டத்தின் வரையறைக்குள் இருக்கிறார்கள், பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். நகர்ந்து விற்கிறவருக்கு மாவட்டம் முழுக்கச் செல்லும் ஒரே சான்றிதழ், ஒரே கட்டணம் என்று வைத்தால் பாதித் தொல்லை தீரும் என்பது என் கருத்து.

அதற்காகச் சான்றிதழ் இல்லாதவரிடம் என்ன வேண்டுமானாலும் பிடுங்கலாம் என்று அர்த்தமில்லை, 265 அவருக்கும் சேர்த்துத்தான். தெருவில் விற்பதும் தொழில் செய்யும் அடிப்படை உரிமைக்குள் வரும் என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது, குறிப்பிட்ட இடம் எனக்கே வேண்டும் என்று கேட்க மட்டும் முடியாது.

அடுத்த முறை யாராவது சீட்டு நீட்டினால் குத்தகை உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். அதில் எந்த இடத்துக்கு, எவ்வளவு என்று இருக்கும். காட்ட மறுத்தால் சீட்டைப் போட்டோ எடுத்து, நகராட்சி ஆணையருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்னாள் நீதிபதி தலைமையில் குறைதீர்க்கும் குழு அமைக்க வேண்டும் என்று 2014 சட்டத்திலேயே இருக்கிறது, உங்கள் ஊரில் அமைத்தாயிற்றா என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.