கிலோ 28 ரூபாய்க்கு அப்பாவின் கார்

2024 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொத்தமல்லிக்கட்டு வாங்கப் போன இடத்தில் காரைப் பறிகொடுத்துவிட்டு வந்தேன். திருடு போகவில்லை, போலீஸ் பிடித்துவிட்டது.

"சும்மாவே நின்னா பேட்டரி இறங்கிடும், ஒரு ரவுண்டு போய்ட்டு வா" என்று அப்பாதான் சாவியைக் கையில் திணித்தார். 2001 ஜனவரியில் அவர் வாங்கிய வெள்ளை மாருதி 800. மூன்று தெரு தாண்டியதும் வாகனச் சோதனை. பேப்பர் கேட்டார்கள். தைரியமாக டேஷ்போர்டைத் திறந்தேன். ஒரு திருநீறு பொட்டலம், காய்ந்துபோன எலுமிச்சம்பழம், 2019-ஆம் வருஷத்து இன்சூரன்ஸ், அவ்வளவுதான் இருந்தது. காவலர் கையிலிருந்த மெஷினில் நம்பரைத் தட்டினார். இன்சூரன்ஸ் இல்லை, பொல்யூஷன் சர்டிபிகேட் இல்லை, வண்டிப் பதிவுச் சான்றான ஆர்.சி.யே 2021 ஜனவரியோடு காலாவதி. "அப்போ இந்த வண்டிக்கு என்னதான் சார் இருக்கு?" என்றார். கிண்டல்கூட இல்லை, மனுஷன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்பாவுக்கு போன் போட்டுக் கொடுத்தேன். "கொரோனாவுக்கு எக்ஸ்டென்ஷன் குடுத்தாங்களே சார்!" என்று ஸ்பீக்கரில் அவர் கத்தியது பின்னால் நின்ற பைக்காரர்களுக்கும் கேட்டது. காவலர் பொறுமையாக, "அது 2021 அக்டோபரோட முடிஞ்சுது ஐயா" என்றார். சாவியை வாங்கிக்கொண்டார்கள். நான் கொத்தமல்லியோடு ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று ராத்திரி குடும்ப மாநாடு. மீட்பதா, அப்படியே யாருக்காவது தள்ளிவிடுவதா? ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைகளை முடித்துக்கொடுக்கும் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் போனிலேயே கணக்குச் சொல்லச் சொல்ல, என் மனைவி பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியா என்று காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க, 5,000. 2022 ஏப்ரலில் வந்த விதிப்படி தாமதத்துக்கு மாதம் 500, அன்றிலிருந்து 24 மாதத்துக்கு 12,000. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு அபராதம் 2,000, மற்ற அபராதங்கள் தனி. புது இன்சூரன்ஸ், தேர்டு பார்ட்டி மட்டும் போட்டாலே 2,094, ஜி.எஸ்.டி. தனி. பசுமை வரி. இன்ஸ்பெக்‌ஷனில் பாஸாக வேண்டுமென்றால் டிங்கரிங், பெயின்ட்டிங், நாலு டயர், ஒரு பேட்டரி. கூட்டிப் பார்த்தால் 55,000-ஐத் தாண்டிப் போனது. ஓடுகிற நிலையில் இருந்தாலே அந்த வண்டிக்கு 40,000 கிடைத்தால் பெரிய விஷயம்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று அம்மா எழுந்து தோசை வார்க்கப் போய்விட்டார். போகிற போக்கில், வாஷிங் மெஷின் மாற்ற இதே மனிதர் எத்தனை வருஷம் யோசித்தார் என்பதையும் நினைவூட்டினார். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, விற்றுவிடலாம் என்று நான் முடிவு கட்டினேன். விற்பது அதைவிடக் கூத்து. ஆர்.சி. காலாவதியான வண்டியைப் பேர் மாற்ற முடியாது. பேர் மாற்ற எஃப்.சி. வேண்டும், எஃப்.சி. எடுக்க வண்டியை நேரில் காட்ட வேண்டும், நேரில் காட்ட அது ஸ்டேஷனிலிருந்து வெளியே வர வேண்டும், வெளியே வர அபராதம் கட்ட வேண்டும். ஆக, விற்கவும் முதலில் மீட்டாக வேண்டும். மிச்சமிருந்த ஒரே வழி காயலான் கடை.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர் ஒருவரை நண்பன் மூலமாகப் பிடித்து, ஸ்டேஷனுக்கே கூட்டிப்போனேன். அங்கே போனால் அப்பா நிற்கிறார், கையில் மஞ்சள் துணியோடு. காலை வாக்கிங்கின் ரூட்டையே மாற்றிக்கொண்டு நாலு நாளாக தினமும் வருகிறாராம். கொடி படர்ந்த பைக்குகள், சக்கரம் இல்லாத ஆட்டோ, ஒரு மணல் டிராக்டர் எல்லாவற்றுக்கும் நடுவில், பிடிபட்ட வண்டிகளிலேயே கவர் போட்டு நின்றது எங்கள் கார் ஒன்றுதான். வேப்பமரத்துக் காக்கா எச்சம் பெயின்ட்டை அரித்துவிடும் என்று வீட்டிலிருந்து கவரை எடுத்துவந்து மாட்டியிருக்கிறார். வாசலில் நின்ற காவலர் என்னிடம், "மாருதி சாரோட பையனா நீங்க?" என்றார்.

பார்ட்ஸ்காரர் கவரைத் தூக்கினார், குனிந்து அடிப்பக்கம் பார்த்தார், கதவை இரண்டு தரம் சாத்தினார். "வண்டி எடை 650 கிலோ வரும். கிலோ 28 போட்டா 18,200. ரவுண்டா 18 வாங்கிக்கங்க."

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "கிலோ கணக்கா? என்ன, பழைய பேப்பரா இது?" என்றார். அப்புறம் சட்டம் பேச ஆரம்பித்தார். ஆர்.சி.யை முறையாக ரத்து பண்ணாமல் கொடுத்துவிட்டு, நாளைக்கு இந்த நம்பர் பிளேட்டை எவனாவது வேறு வண்டியில் மாட்டிக்கொண்டு தப்புத்தண்டா செய்தால் போலீஸ் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? சட்டப்படி அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் மூன்று வருஷமாக ஆர்.சி.யைத் திரும்பிப் பார்க்காத மனிதர் அதைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பத்து நிமிஷம் கழித்து நான் போன் பேசிவிட்டுத் திரும்பினால், இரண்டு பேரும் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே தலையை விட்டிருக்கிறார்கள். "இன்ஜின் நல்லாத்தான் சார் இருக்கு, இதைப் போய் உடைக்கணுமா?" என்று வாங்க வந்தவரே கேட்கிறார். அவர் யார் கட்சி என்றே எனக்குப் புரியவில்லை. 2014 ஜனவரியோடு 800 தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள், இனி இப்படி ஒரு வண்டி வருமா என்று அப்பா எடுத்துக்கொடுக்க, அவரும் தலையாட்டினார்.

அபராதம் கட்டி, ரிலீஸ் ஆர்டர் வாங்கி, அந்த ரசீதையும் இந்த ரசீதையும் ஜெராக்ஸ் எடுத்து அலைந்த கதை வேண்டாம். எல்லோரும் ஒரு தடவையாவது அலைந்ததுதான். வெளியே எடுத்த அன்று, எந்தப் பேட்டரிக்காக ரவுண்டு போகச் சொன்னாரோ அந்தப் பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. பேப்பர் இல்லாததால் எப்படியும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ரெக்கவரி வண்டி வரைக்கும் மூன்று காவலர்கள் தள்ளினார்கள், அப்பா ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து "லெஃப்ட்ல கொஞ்சம்" என்று கட்டளை போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது வண்டி டிங்கரிங்கில் நிற்கிறது. நேற்று அந்தப் புதுப்பேட்டைக்காரர் எனக்கு போன் பண்ணினார். விலையை ஏற்றிக் கேட்கப் போகிறார் என்று ஆசையாக எடுத்தேன். "சார், அப்பா கேட்ட நாலு டயரும் இடது பக்கக் கதவும் எடுத்து வெச்சிருக்கேன். ஜிபே பண்றீங்களா, இல்ல அவரே வந்து குடுத்துடுவாரா?"