"என்ன மரம்டா?"

அப்பா கடலூரில் ஓடாவி, மரக்கலம் கட்டும் தச்சர். வங்குக்கால் என்ற விலா மரங்களை நிறுத்தி, பலகை சேர்த்து, இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிப்பதைப் பார்த்தே வளர்ந்தேன். ஆனால் நான் போய்ச் சேர்ந்தது சிங்கப்பூரில் இரும்புக் கப்பல் வேலைக்கு. 1996 ஜனவரி 8 அன்று அங்கே துறைமுகத்தில் பார்ஜ் என்ற சரக்குப் படகு மோதி ஒரு மரக்கப்பல் மூழ்கிவிட்டது. அன்று இரவே அப்பாவுக்குப் போன் போட்டேன். மூழ்கியது கடலடி உலகைப் படமெடுத்த பிரெஞ்சுக்காரர் ழாக் கூஸ்தோவின் காலிப்சோ என்று சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "என்ன மரம்டா?"

ஓரிகன் பைன் என்று பிறகுதான் தெரிந்தது. 1942 மார்ச்சில் சியாட்டிலில் நீரில் இறக்கிய கப்பல் அது. பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கடற்கண்ணி அகற்றக் கட்டியது. நீளம் சுமார் 42 மீட்டர். மரத்தில் கட்டக் காரணம் இருந்தது. இரும்புக் கப்பல் மேலே போனால் காந்தப்புலம் மாறும், அதை உணர்ந்து காந்தக் கண்ணி வெடிக்கும். மர உடலுக்கு அந்த ஆபத்து குறைவு. மீன்பிடிப் படகு கட்டும் சிறிய பட்டறைகள்கூட இந்த ரகத்தில் கட்டின. மொத்தம் 400க்கு மேல். யுத்தத்துக்கு அன்று ஓடாவிகள் தேவைப்பட்டார்கள்!

யுத்தம் முடிந்தபின் மத்தியதரைக் கடலில் மால்டாவுக்கும் பக்கத்துக் கோசோ தீவுக்கும் இடையே ஆட்களையும் கார்களையும் ஏற்றிப் போனது. காலிப்சோ என்ற பேர் அங்கே வந்ததுதான். 1950இல் லோயல் கின்னஸ் என்ற பிரிட்டிஷ் செல்வந்தர் வாங்கி, வருடத்துக்கு ஒரு பிராங்க் வாடகைக்குக் கூஸ்தோவிடம் கொடுத்தார். கூஸ்தோ முன்பக்கம் தண்ணீருக்கடியில் ஜன்னல் வைத்த அறையைப் பொருத்தினார். கண்ணி தேடிய கப்பல் அப்புறம் நாற்பது வருடத்துக்கு மேல் மீனையும் பவளத்தையும் பார்த்தது.

சிங்கப்பூரில் தூக்கியெடுத்து பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். 1997இல் கூஸ்தோ இறந்தார். கப்பல் அங்கே லா ரோஷேல் துறைமுகத்தில் வருடக்கணக்கில் கிடந்தது. 2007இல் பழுதுபார்க்க இன்னொரு பிரெஞ்சுத் துறைமுகமான கொங்கார்னோவுக்குப் போனது. 2009இல் பணத் தகராறில் வேலை நின்றது. பலகைகளைக் கழற்றிய நிலையில் கொட்டகைக்குள் நின்றது. இதுதான் என் மனதை அறுக்கிறது. மரம் காய்ந்தால் சுருங்கும், சேர்ப்பெல்லாம் விட்டுப்போகும். அப்பா கரையேற்றிய வள்ளத்தின் மேல் ஓலை வேய்ந்து, சாயங்காலம் தண்ணீர் தெளிப்பார்.

2016இல் துருக்கிக்குப் போனது. அடுத்த வருடம் அங்கே பட்டறையில் தீ, மரப்பகுதி எரிந்தது. அது மறுபடி கடலில் இறங்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். புதிதாக ஒரு படம் கிடைத்தால், முதலில் ஏரா, அதாவது கப்பலின் அடிமரம், நேராக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.