வலிப்பு நின்ற பிறகு மூளையில் மிஞ்சுவது

என் அக்கா மகனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்து, இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. இத்தகைய குறுகிய காய்ச்சல் வலிப்பு குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பாதிப்பதில்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆனாலும், "நின்னுடுச்சு சரி, உள்ளே ஏதாவது மிச்சம் இருக்குமா?" என்று அக்கா அன்றிரவு கேட்டது என் மனத்தை விட்டு நீங்கவில்லை. இளம் எலிகளில் நடந்த ஆய்வுகளை நான் தேடி வாசிக்கத் தொடங்கியது அதனால்தான்.

முதிர்ந்த எலிக்கு நீண்ட வலிப்பு வந்தால், நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்கள் மடிகின்றன. பிறந்து சில நாள்களே ஆன குட்டியிடம் அவ்வளவு இழப்பு நேர்வதில்லை. இதை வைத்து இளமூளை வலிப்பைத் தாங்கிக்கொள்ளும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால், நரம்பியல் ஆய்வாளர் கிரெகரி ஹோம்ஸ் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த முதல் 5 நாள்களில் புளூரோதைல் என்ற வேதிப்பொருளின் ஆவியால் 25 முறை வலிப்பு தூண்டப்பட்ட எலிகள், நரம்பணுக்களை இழக்காமலேயே, வளர்ந்தபின் நீர்த்தொட்டியில் மூழ்கியிருக்கும் மேடையின் இடத்தை நினைவில் வைத்துக் கண்டுபிடிக்கத் தடுமாறின. அணுக்கள் மடியாதிருந்தும், அவற்றுக்கிடையிலான இணைப்புகள் மாறியிருந்தன.

அந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதைத் தகாவோ ஹென்ஷ், பிரான்சஸ் ஜென்சன் ஆகியோர் பங்கேற்று 2018இல் வெளியான சுண்டெலி ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. 9 முதல் 11 நாள் வயதில் சுண்டெலிக் குட்டிக்குக் கண் திறந்திருக்காது, காதும் கேட்கத் தொடங்கியிருக்காது. உள்ளங்கையில் வைத்தால் சில கிராம் எடைதான். சில நாள்களில் காது திறந்ததும், விடாமல் ஒலிக்கும் ஒரே சுருதியைக் கேட்டு வளரும் குட்டியின் செவிப்புறணி (ஒலியைக் கையாளும் மூளையின் மேற்பகுதி) அந்தச் சுருதிக்கு அதிக இடம் ஒதுக்கிக்கொள்ளும். அந்தக் கற்றலுக்காக, நரம்பணுவுக்கு வரும் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் ஆம்பா ஏற்பிகள் இன்னும் வந்து சேராத 'மௌன' இணைப்புகள் பல அங்கே காத்திருக்கின்றன. காது திறப்பதற்கு முன்பே வலிப்பு வந்த குட்டிகளிலோ, அந்த இணைப்புகள் ஒலி எதையும் கேளாமலே விழித்துவிட்டன. பிறகு ஒலி வந்தபோது, வனைவதற்கு முன்பே காய்ந்துவிட்ட களிமண்ணைப் போல அந்தப் புறணி வளைந்துகொடுக்கவில்லை. வலிப்புக்குப் பின் ஆம்பா ஏற்பிகளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது அந்த நெகிழ்வு மீண்டது என்ற இடத்தை நான் மறுபடி மறுபடி வாசித்தேன்.

இருந்தாலும், எலியில் பலித்தது குழந்தையிடமும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எலிக்குட்டிகளின் வலிப்பைக் குறைத்த புமெடனைடு என்ற மருந்தைப் பச்சிளங்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு, எதிர்பார்த்த பலன் தெரியாததாலும் சில குழந்தைகளுக்குக் கேட்புத்திறன் குறைந்ததாலும் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

அக்காவுக்கு நான் எடுத்துச் சொன்னது, காய்ச்சல் வலிப்பை எலிகளில் ஆராய்ந்த டாலி பாரம் குழுவினரின் ஆய்வை. வெப்பக் காற்றால் உடல் சூடேற்றி, சுமார் 24 நிமிடம் வலிப்பு நீடித்த எலிக்குட்டிகளில்கூட மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பின்னாளில் தானாக வலிப்பு வந்தது. அவள் மகனுக்கு வந்ததோ இரண்டே நிமிடம்.