பேத்தை என்று சொன்னது

"அப்ப அந்தப் பேத்தை இன்னமும் கடிச்சுக்கிட்டேதான் இருக்கா, டாக்டரம்மா?"

"ஆமாண்ணே, ஆனா மெதுவாத்தான்" என்றேன். அந்த 'ஆமா'தான் இன்னும் என்னை விடவில்லை.

அவர் தலைவலிக்காக மதுரையில் எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் பட்ட ரத்தக்குழாய் வீக்கம். நடு மூளைத் தமனி கிளை பிரியும் இடத்தில், 3 மில்லிமீட்டர். ஆபரேஷன் இப்போது வேண்டாம், பீடியை விட வேண்டும், பிரஷர் மாத்திரை தவறக் கூடாது, அடுத்த வருஷம் மறுபடி ஸ்கேன் என்று அங்கே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைப் படித்துச் சொன்னால் போதும். நான் அதோடு நிற்கவில்லை. ரத்தக்குழாய்ச் சுவர் எலாஸ்டின், கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆன வலை மாதிரி, சில என்சைம்கள் அந்த இழையை, பேத்தை மீன் வலையைக் கடிப்பது போல அறுக்கின்றன என்றேன். பாம்பன் மீனவருக்கு இதைவிட எப்படிச் சொல்வது? சட்டென்று புரிந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

ஜூன் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் போயின. அவர் போகவில்லை. போகக் கூடாதென்று யாருமே சொல்லவில்லை. "நடுக்கடல்ல கிழிஞ்சா என்ன செய்ய" என்றாராம், அவர் சம்சாரம் மாத்திரை வாங்க வந்தபோது சொன்னார்.

அப்புறம் ஒருநாள் கரையில் அவரைப் பார்த்தேன். வலை பொத்திக்கொண்டிருந்தார். கடிபட்ட வலைக்கண்களைச் சின்னக் கத்தியால் முதலில் நறுக்கி எடுத்துவிட்டுத்தான் புது நூலைக் கோத்தார். அப்போதுதான் உறைத்தது. பேத்தை வெளியிலிருந்து வருவது. இழையை அறுக்கும் அந்த என்சைம்கள், மெட்டலோபுரோட்டினேஸ்கள், நம் உடம்பே சுரப்பவை. இந்த வகையில் முதலாவது 1962-ல் அகப்பட்டதே தலைப்பிரட்டையின் வாலில்தான். வால் கரைந்து தவளையாக இந்த அறுப்பு வேண்டும். நமக்கும் பழைய கொலாஜனை நறுக்கினால்தான் புதிதை நெய்ய முடியும். ரத்த ஓட்டத்தின் மோதலும் பிரஷரும் புகையும் சேர்ந்து சுவர் அழன்றுபோனால், அங்கே குவியும் வெள்ளணுக்கள் இதை அளவுக்கு மேல் கொட்டுகின்றன. அடக்கி வைக்கும் புரதங்கள் ஈடுகொடுப்பதில்லை. நறுக்குவது பொத்துவதை முந்திவிடுகிறது. பேத்தை இல்லை, கத்தி.

சரி, கத்தி என்று சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டாரா? மண்டைக்குள் கத்தி என்றால் நானே பயப்படுவேன். பயந்ததால்தானே பீடியை விட்டார்! அதை என் கணக்கில் எழுதிக்கொள்ள ஆசைதான். எழுதினால் கடலை விட்டதையும் எழுத வேண்டும்.

"நிப்பாட்ட மாத்திரை இல்லையா?" என்றும் அன்று கேட்டிருந்தார். எலிக்காய்ச்சலுக்கு நான் எழுதும் டாக்ஸிசைக்ளினுக்கே இந்த என்சைம்களை அடக்கும் குணம் உண்டு. ஆனால் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு அமெரிக்காவில் கொடுத்துப் பார்த்ததில் வளர்ச்சி குறையவில்லை என்று 2020-ல் முடிவு வந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு "இல்லை" என்றேன். சுருக்கமாகப் பேசவும் எனக்குத் தெரிந்திருக்கிறது.

கரையில் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த அளவு வீக்கம் வெடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, தெரியும். "கடலுக்குப் போங்கண்ணே" என்று சொல்ல வாய் வரவில்லை.

"மாத்திரை போடுறீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.