மதர்போர்டில் எதற்குக் காசு கொடுக்கலாம்

கேமிங் பிசிக்கு மதர்போர்டு தேடுகிறவர்கள் விலை கூடிய எக்ஸ்870 சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்) போர்டுகள் பக்கம் போகவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் (ப்ராசஸர் உட்காரும் இடம்) பி650, பி850 சிப்செட் இரண்டிலுமே ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம், மிச்சமாகும் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போனால் கேமில் அது கண்ணுக்குத் தெரியும். பி840 மட்டும் வேறு, பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று எடுத்துவிடாதீர்கள், அதில் ப்ராசஸர் ஓவர்கிளாக்கிங் கிடையாது.

நான் முதலில் பார்ப்பது சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம், அதாவது ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி. அதன்மேல் சூட்டை இழுக்கும் கனமான ஹீட்சிங்க் இருக்கிறதா, மொட்டையாக விட்டிருக்கிறார்களா என்பது போட்டோவிலேயே தெரிந்துவிடும். அப்புறம் பின்பக்கம் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ஃப்ளாஷ்பேக் பட்டன். 2022-ல் வந்த பி650 போர்டு பழைய ஸ்டாக்காக இருந்தால், 2024-ல் வந்த ரைசன் 9000 ப்ராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது. இந்தப் பட்டன் இருந்தால் ப்ராசஸர், ரேம் எதுவும் மாட்டாமலே பென்டிரைவிலிருந்து புது பயாஸை ஏற்றிவிடலாம். இது இல்லாத போர்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

ரேம் ஸ்லாட் நான்கு இருந்தாலும் இரண்டு குச்சி போதும், இந்த போர்டுகளின் டிடிஆர்5 வகை ரேமில் நான்கையும் நிரப்பினால் பெரும்பாலும் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும். 16 ஜிபி இரண்டு வாங்கி, சாக்கெட் பக்கத்திலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் மாட்டுங்கள். ஆர்ஜிபி விளக்கெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.