ராடு போடுவதற்கு முன்னால் நடக்கும் வேலை

இடுப்புப் பக்கம் எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனவரைப் பார்க்க வருகிறவர்கள், ராடா பிளேட்டா, எந்தக் கம்பெனி, எவ்வளவு ஆயிற்று என்றுதான் கேட்பார்கள். என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். எலும்புக்குள் செலுத்தும் உலோகத் தண்டுதான் ராடு. அது உள்ளே போவதற்கு முன்னால், உடம்பில் ஒரு கீறல்கூடப் போடாமல், காலை இழுத்துத் திருப்பி உடைந்த எலும்பை இடத்துக்குக் கொண்டுவருகிறார்களே, அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. என் கால் இன்று குட்டையாகாமல் நேராக இருப்பதற்குப் பாதிக்கு மேல் அந்த வேலைதான் காரணம் என்று நினைக்கிறேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்திருந்தார்கள். விழித்தபடி படுத்திருந்ததால் பெரும்பகுதியைப் பார்க்கவும் கேட்கவும் முடிந்தது. கடலூர் முதுநகரில் பல வருடம் லேத் பட்டறை நடத்தியவன் நான். கண் தானாக அந்த மேசையின் மேல்தான் போயிற்று.

விழுந்தது ஐப்பசி மழையில், வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்துப் பாசியில். எழுந்திருக்க முடியவில்லை. வலது கால் இடது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. எக்ஸ்ரே எடுத்ததில், தொடை எலும்பின் பந்துக்கும் கழுத்துக்கும் கீழே, எலும்பு முண்டு முண்டாகப் பருத்திருக்கும் இடத்தில் உடைந்திருந்தது. கழுத்து உடைந்து விலகியிருந்தால், என் வயதில் பெரும்பாலும் பந்தையே எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைப்பார்களாம். கழுத்துக்குக் கீழே ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் எலும்பு கூடிவிடும். ஆனால் தொடைத் தசைகள் கீழ்த்துண்டை விடாமல் மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். கால் குட்டையாவது அதனால்தான். அப்படியே விட்டால் குட்டையாகவே, கோணலாகவே கூடிவிடும்.

உறவில் ஒரு பெரியவர் எண்ணெய்க் கட்டு போடலாம் என்றார். அவருடைய அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 66 வயதில் இந்த உடைவோடு வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தால் படுக்கைப் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். எலும்பு கூடும் வரை உடம்பு தாங்க வேண்டுமே. மகன் பிடிவாதமாக நின்று புதுச்சேரிக்குக் கூட்டிப் போனான். காலைத் தாமஸ் ஸ்ப்ளிண்டில் வைத்துக் கட்டினார்கள். தொடை இடுக்கில் ஒரு வளையம், அதிலிருந்து காலின் இரு பக்கமும் ஓடும் இரண்டு கம்பிகள், அவ்வளவுதான் அது. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அந்த ஸ்ப்ளிண்ட் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

வார்டில் ஸ்ப்ளிண்டை எடுத்துவிட்டுத் தோல் இழுவை போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே ஸ்பாஞ்சு வைத்த பட்டையைச் சுற்றி, பாதத்துக்கு அடியில் ஒரு குறுக்குக்கட்டை, அதிலிருந்து கயிறு, கட்டில் காலடியில் ஒரு கப்பி, தொங்கலில் 3 கிலோ எடை. கட்டிலின் கால்மாட்டைக் கட்டை வைத்து உயர்த்தினார்கள். கால் ஒரு பக்கம் இழுபட, என் உடம்பின் எடையே எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும் என்பதற்காக அது. இந்த இழுவையால் வலி குறையும் என்று ஆய்வுகளில் நிரூபணம் இல்லை, பல இடங்களில் இதை விட்டுவிட்டார்கள் என்று பயிற்சி டாக்டர் ஒருவரே சொன்னார். எனக்கு என்னவோ கால் அசையாமல் இருந்தது நிம்மதியாகத்தான் இருந்தது.

முதல் நாள் ராத்திரி ஒன்று கவனித்தேன். நான் கீழே சரிந்துகொண்டே வந்ததில், கயிற்றின் முடிச்சு கப்பியில் போய் முட்டி நின்றிருந்தது. எடை தொங்குகிறது, பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் இழுப்பது கப்பியை, காலை அல்ல. சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்னை மேலே தூக்கிப் படுக்க வைத்து, முடிச்சைத் தள்ளிப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். தோல் இழுவையோடு யாராவது படுத்திருந்தால் கூட இருப்பவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். முடிச்சு கப்பியைத் தொடக்கூடாது, எடை தரையிலோ கட்டில் கம்பியிலோ உட்காரக்கூடாது. பட்டை இறுக்கமாகிப் பாதம் மரத்தாலோ, கட்டைவிரலை மேலே தூக்க முடியாவிட்டாலோ உடனே சொல்ல வேண்டும். நீங்களாக அவிழ்க்கவும் வேண்டாம், எடையைக் கூட்டிக் குறைக்கவும் வேண்டாம்.

இந்த உடைவுக்கு 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது என்றார்கள். எனக்குச் சர்க்கரை ஏறியிருந்ததால் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. அந்த இடைவெளியில் மயக்க டாக்டர் வந்து எல்லாம் விசாரித்தார். இடது முழங்கால் பழைய பைக் விபத்துக்குப் பிறகு முழுதாக மடங்காது என்று சொன்னேன். “நல்ல வேளை சொன்னீங்க ஐயா” என்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். உடையாத காலின் முழங்காலைப் பற்றி அவருக்கு என்ன என்று அப்போது புரியவில்லை.

தியேட்டரில்தான் புரிந்தது. முதலில் வலி மரக்கத் தொடை இடுக்கில் ஒரு ஊசி போட்டார்கள். அது பிடித்த பிறகுதான் முதுகில் ஊசி போட என்னை உட்கார வைத்தார்கள். அந்த முதல் ஊசி இல்லாமல் நிச்சயம் உட்கார்ந்திருக்க முடியாது. பிறகு மேசையின் கீழ்ப்பாதிப் பலகையைக் கழற்றினார் டெக்னீஷியன் தம்பி. இடுப்புக்கு அடியில் சின்ன மெத்தைத் தாங்கி மட்டும். தொடைகளுக்கு நடுவில் பஞ்சு தடிமனாகச் சுற்றிய ஒரு தூண். அதற்கப்பால் இரண்டு நீளக் கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பூட்ஸ். கால்கள் இரண்டும் அந்தரத்தில், பூட்ஸில் மட்டும் மாட்டியிருக்கும். எக்ஸ்ரே எடுக்கும் சி-ஆர்ம் இடுப்பைச் சுற்றி வர நடுவில் எந்தத் தடையும் இருக்கக்கூடாது என்பதற்காகவே இப்படி ஒரு அமைப்பு.

“தூண் எதுக்கு தம்பி?” என்று கேட்டேன். “காலை இழுக்கும்போது உடம்பே கூட வந்துடும் ஐயா. அது வராம நிறுத்துறது இதுதான்” என்றார். பாரம் முழுக்க அந்தத் தூணில்தான் விழுகிறது. அதனால் தூண் பருமனாகவும் மெத்தென்றும் இருக்க வேண்டும். ஆணுறுப்போ சிறுநீர்க் குழாயோ அடியில் மாட்டாமல் கையால் விலக்கிப் பார்க்கிறார்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் அவசியம். அந்த இடத்து நரம்பு நசுங்கினால் தொடை இடுக்கும் உறுப்பும் நாள்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மரத்துப்போகும்.

பூட்ஸ் மாட்டியதுதான் என் மனதில் அப்படியே நிற்கிறது. பாதத்துக்கும் கணுக்காலுக்கும் பஞ்சுச் சுருளை மூன்று சுற்று சுற்றினார். குதிகாலைப் பூட்ஸின் அடி வரைக்கும் அழுத்தி உட்கார வைத்தார், பட்டைகளைப் போட்டார், அதற்கு மேல் பூட்ஸையும் காலையும் சேர்த்துக் கிரேப் பேண்டேஜ் சுற்றினார். கடைசியில் பூட்ஸைப் பிடித்து அவரே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பாதி ஆபரேஷனில் குதிகால் நழுவினால் சேர்த்த எலும்பு திரும்ப விலகிவிடும். மேலே துணி போர்த்திவிட்டால் அதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது.

இடது காலுக்கு வேறு வழி இருக்கிறதாம். முழங்காலை மடக்கி, தூக்கி, வெளிப்பக்கம் அகட்டி ஒரு தாங்கியில் வைப்பார்கள். எக்ஸ்ரே கருவி நுழைய இடம் கிடைக்கும். என் முழங்கால் மடங்காது என்று எழுதியிருந்ததால் அதையும் பூட்ஸில் நீட்டி மாட்டி, வலது காலைச் சற்று உயர்த்தி இடது காலைச் சற்றுத் தாழ்த்திக் கத்தரி போல வைத்தார்கள். தூக்கி வைக்கும் முறையில் நேரம் நீண்டால், நல்ல காலின் கெண்டைக்கால் தசை வீங்கி இறுகும் ஆபத்தும் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இழுக்கும் நேரத்தில் டாக்டர் ஈயக் கவசம் மட்டும் போட்டிருந்தார், ஆபரேஷன் கவுன்கூட இன்னும் இல்லை. முதலில் மேசையின் நீளக் கையை முழுசாக நகர்த்தி ஓர் இழுப்பு. பிறகு நுனியில் இருக்கும் கைப்பிடியைத் தம்பி சுற்றச் சுற்ற, மரை கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறது. “போதும். இப்போ உள்ளே திருப்பு.” வெளியே சாய்ந்து கிடந்த பாதத்தைப் பூட்ஸோடு உள்பக்கம் திருப்பிப் பூட்டினார். டாக்டர் என் முழங்கால் சில்லின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். சில்லு கூரையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. சி-ஆர்ம் நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். திரை எனக்கும் தெரிந்தது. விலகிக் கிடந்த இரண்டு துண்டுகளும் ஒரே கோட்டுக்கு வந்திருந்தன. பக்கவாட்டுப் படத்தில் ஏதோ பிடிக்கவில்லை, இன்னும் அரைச் சுற்று போடச் சொல்லி மறுபடி எடுத்தார். அதற்குப் பிறகுதான் கை கழுவப் போனார்.

லேத்தில் ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய இரும்பை, சக் என்கிற பிடியில் மாட்டி நடுவாக நிற்கிறதா என்று சென்டர் பார்ப்பதில் அவசரப்பட்டால், எவ்வளவு நல்ல டூல் போட்டும் பிரயோஜனம் இல்லை. அந்த அரைச் சுற்றுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது.

ராடு போட்டது சீக்கிரம் முடிந்தது. வலி இல்லை, சுத்தியல் தட்டும் அதிர்வு மட்டும் முதுகு வரை வந்தது. பந்துக்குள் ஸ்குரூ போனதும் “டிராக்ஷனை விடு” என்று குரல் கேட்டது. ராடின் கீழ்முனையைப் பூட்டும் ஸ்குரூவைப் போடுவதற்கு முன் இழுவையைத் தளர்த்தினால்தான் இரண்டு துண்டும் இடைவெளி இல்லாமல் அமரும். இழுவை நீளும் நேரமும் குறையும்.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். தொடை இடுக்கில் ஒரு பக்கம் கொஞ்சம் மரப்பு இருந்தது. வெட்கப்படாமல் ரவுண்ட்ஸில் சொன்னேன். தூணின் அழுத்தம்தான், குறைகிறதா என்று பார்ப்போம் என்று குறித்துக்கொண்டார்கள். சில வாரங்களில் சரியாயிற்று. தையல் பிரிக்கப் போனபோது இரண்டு காலையும் டேப் வைத்து அளந்து காட்டினார்கள், வித்தியாசம் இல்லை.

சமீபத்தில் எங்கள் தெருவில் ஓர் அம்மாவுக்கு இதே உடைவு. அவருக்கு மறு பக்கத்தில் முழங்கால் மாற்று ஆபரேஷன் ஏற்கெனவே ஆகியிருக்கிறது. ராடு எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று அவர் மகன் என்னிடம் கேட்க வந்தான். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார், நீ முதலில் அந்த முழங்கால் விஷயத்தை மயக்க டாக்டரிடம் சொல், பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுத்துப் போ என்று சொல்லி அனுப்பினேன்.