மோந்து பார்க்கக் கூடாத பூ

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் பூக்கடை அஞ்சடியில், அதாவது கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையில், நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தேன். மெல்பர்னிலிருந்து வந்த ஒரு பெண்மணி வாளியிலிருந்து மல்லிகையை ஒரு கை அள்ளி, கண்ணை மூடி, மூக்கருகே வைத்து இழுத்தார் பாருங்கள் ஒரு மூச்சு! என் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. நாற்பது வருடமாக டிவி பார்த்துக்கொண்டும் கடன்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டும் நிற்காமல் கட்டிய கை அது. வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். “தம்பி, இது இனிமே சாமிக்கு ஆகாது.”

அந்தப் பெண்மணி மேல் தப்பில்லை. ‘வாசனையை அனுபவியுங்கள்’ என்று விளம்பரத்தில் எழுதியவன் நான்தான்.

எழுத வைத்தது என் வார இறுதி வகுப்பு. எங்கள் வணிகவியல் பேராசிரியரின் ஆய்வே சுற்றுலாவைப் பற்றியதுதான்: வருகிறவர்கள் சாமான் வாங்குவதை விட்டுவிட்டு இப்போது எதற்குக் காசு கொடுக்கிறார்கள்? முதல் நாளே பிறந்தநாள் கேக் கதையைச் சொன்னார். 1998-இல் பைன், கில்மோர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதியது. ஒரு காலத்தில் அம்மா மாவும் சர்க்கரையும் வாங்கிக் கேக் செய்தாள், சில்லறைக் காசோடு முடிந்தது. அப்புறம் ரெடிமேட் கேக் கலவைப் பெட்டி, ஒன்றிரண்டு டாலர். அப்புறம் பேக்கரி கேக், பத்துப் பதினைந்து டாலர். கடைசியில் விழாவையே வெளியாளிடம் ஒப்படைத்து நூறு டாலருக்கு மேல் கொடுத்தார்கள். கேக் சும்மா வந்தது. அனுபவப் பொருளாதாரம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஐந்து புலன்களையும் தொடு, கையில் ஒரு நினைவுப்பொருளைக் கொடுத்து அனுப்பு, முக்கியமாக, அந்த நேரத்துக்கே காசு கேள் என்பது அவர்கள் யோசனை.

எனக்கு உடனே எங்கள் ஊர் ஆர்மேனியன் ஸ்திரீட் ஞாபகம் வந்தது. 2012-இல் லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் சக்கரெவிச் சுவரில் வரைந்த சைக்கிள் பிள்ளைகள். நிஜச் சைக்கிள், வரைந்த பிள்ளைகள். அதைத் தொட்டுப் படம் எடுக்க வெயிலில் வரிசை நிற்கும். சுவர் ஒரு காசு கேட்பதில்லை. சுற்றியுள்ள ஐஸ்கிரீம்காரரும் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் விற்பவரும் கேட்டுக்கொள்கிறார்கள். 2008-இல் எங்கள் ஜார்ஜ்டவுன் நகரம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து எங்கள் அஞ்சடியிலும் கேமராவுக்குக் குறைவில்லை. ஆனால் கல்லாவில் விழுவது முழம் நாலு வெள்ளிக்கு (ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்போம்) பூ வாங்கும் நம் ஆட்கள் காசுதான். வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் நீக்கப்பட்ட பிறகு அந்த நாலு வெள்ளியை வைத்துக்கொண்டு அப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

சரி என்று ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம், ஆளுக்கு நாற்பத்தைந்து வெள்ளி, கட்டிய சரத்தை எடுத்துக்கொண்டு போகலாம். அம்மாவுக்குத் தொகையைக் கேட்டதும் சிரிப்பு. “பூ கட்டச் சொல்லிக்குடுக்கக் காசா?” ஆனாலும் உட்கார்ந்தார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், காம்போடு காம்பு. நூலை விரலில் ஒரு வளையம் போட்டுக் காம்பில் மாட்டி இழுக்க வேண்டும். இறுக்கினால் காம்பு அறும், தளர்ந்தால் கோயில் போவதற்குள் உதிரும். அந்த இழுப்பின் கணக்கு அம்மாவின் விரலுக்குத்தான் தெரியும், வாய்க்குத் தெரியாது.

மெல்பர்ன் பெண்மணி மோந்து பார்த்த அன்று இரவு நான் அம்மாவிடம் வாதாடிப் பார்த்தேன். “ஆண்டாள் சூடிப் பார்த்த மாலையைப் பெருமாள் கேட்டு வாங்கிக்கலையா?”

“அவ ஆண்டாள். இவங்க டிக்கெட் வாங்கினவங்க.”

அதற்குப் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மறுவாரம் முதல் இரண்டு வாளி: ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று சாமிக்கு. யாராவது சாமி வாளிப் பக்கம் குனிந்தால் அம்மா கையை நீட்டி, “நோ ஸ்மெல்! காட் ஃபிளவர்!” என்பார். வேடிக்கை என்னவென்றால், வந்தவர்களுக்கு எல்லாவற்றையும்விட இந்த அதட்டல்தான் பிடித்துப்போனது. விமர்சனங்களில் அதைத்தான் எழுதினார்கள். ஒருவர் வீடியோவுக்காக இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அம்மாவும் சொன்னார். என் வயிற்றில் ஏதோ பிசைந்தது.

பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. சமூகவியலாளர் டீன் மெக்கனல் 1973-லேயே எழுதிவிட்டாராம்: பயணி மேடையின் பின்கட்டைப் பார்க்க ஆசைப்படுவான், அதனால் பின்கட்டைப் போலவே இன்னொரு மேடை போட்டுக் காட்டுவார்கள். நான் போட்டிருந்தது அதுதான். நாற்பத்தைந்து வெள்ளியை நிறுத்துவேனா என்றால் மாட்டேன், அதில்தான் இந்த மாத வாடகையில் பாதி வந்தது.

அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் விடியற்காலை ஐந்து மணிக்கே குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மனுக்குப் போகும் மாலையை உள்ளே உட்கார்ந்து கட்டி முடித்து, ஈரத்துணி போர்த்தி, பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிட்டுவிடுகிறார். அஞ்சடியில் ஒரே வாளிதான். யார் வேண்டுமானாலும் மோந்து பார்க்கலாம்.

போன வாரம் ஒரு இளைஞர் திரையைக் காட்டி, உள்ளே என்ன என்று கேட்டார்.

“ஸ்டோர்” என்றார் அம்மா, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.